மீன் பை தொங்கிய தகடு

எங்கள் படகு மோட்டரின் கைபிடி சில நாளாக வலப்பக்கம் இழுத்தது. கை நோகிறதென்று அது அசையாதபடி திருகாணியை இறுக்கிவிட்டேன். மறுநாள் மனைவியோடு சல்லிக் கரையிலிருந்து புறப்பட்டபோது குறுக்கே ஒரு லோஞ்ச், பெரிய இயந்திரப் படகு, வந்தது. கைபிடி திரும்பவில்லை. உடனே மோட்டரை நிறுத்தினேன். லோஞ்ச் ஒரு முழ இடைவெளியில் கடந்தது.

"கைநோவுக்குப் பயந்து என்னையெல்லோ கடலுக்கை தள்ளப் பார்த்தீங்கள்," என்றாள் மனைவி.

கரையில் அவள் தம்பி மோட்டரைப் பார்த்தான். தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு மேலுள்ள சின்னத் தகடு திரும்பியிருந்தது.

"அத்தான், கரையில மோட்டரைத் தூக்கி வைச்சிட்டு இதிலயோ மீன் பையைக் கொழுவுறனீங்கள்?"

"ஓம்."

"இது கொக்கியில்லை. மோட்டரை நேராப் பிடிக்கிறதே இதுதான். பைப் பாரத்தில திரும்பிப்போச்சு."

நான் இறுக்கிய திருகாணியைத் தளர்த்திவிட்டு, தகட்டின் பின்நுனியைச் சற்று இடப்பக்கம் திருப்பி இறுக்கினான். இழுவை நின்றது.

இப்போது புறப்படுமுன் தகட்டையும் கைபிடியையும் இரண்டுதரம் அசைத்துப் பார்க்கிறேன். மீன் பையை மனைவி என் தோளில்தான் கொழுவுகிறாள்.