பன்னிரண்டு டிகிரி தண்ணீர்

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு இருந்த வேலை தண்ணீரைப் பார்ப்பது. அடியில் ஈயக்குண்டு வைத்த ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டால் அது நிமிர்ந்து மிதக்கும். தண்ணீரில் உப்பு ஏற ஏறக் குழாயும் மேலே எழும்பும். அதன் கழுத்தில் உள்ள கோட்டைப் படித்து, இத்தனை டிகிரி என்று மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு விளையும். எட்டாவது வரை படித்தவன் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து எண்களைச் சொன்னால் போதும், வேறு யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், எக்கியார்குப்பத்துக்கு நேரே கடலில் ஒரு விசைப்படகு மூழ்கிவிட்டது. ஆட்கள் எல்லோரும் தப்பிக் கரை சேர்ந்தார்கள். படகும் என்ஜினும் ஏழெட்டு பாகம், அதாவது ஏழெட்டு ஆள் ஆழத்தில் கிடந்தன. என்ஜினைத் தேடி அதில் கயிறு கட்டிவிட்டு வருவதற்காகப் படகுக்காரர் பாண்டிச்சேரியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். முதுகில் காற்று அடைத்த இரும்பு உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர் அவர். நாற்பது வயது இருக்கும். நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம்.

அவர் கொண்டுவந்த ரப்பர் உடுப்பு புதியது, பழையதைவிடத் தடிமனானது. ரப்பர் ஆளை மேலே தூக்கும் என்றும், அதற்கு ஈடாக இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும் என்றும், எவ்வளவு ஈயம் என்பதைத் தண்ணீரில் இறங்கித்தான் முடிவு செய்ய முடியும் என்றும் சொன்னார். கரையோரம் அலை பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அசையாத தண்ணீர் வேண்டும், ஆள் ஆழமும் வேண்டும் என்றார். எங்கள் மேஸ்திரிதான், மோட்டார் வைத்து இறைப்பதற்காக உப்பளத்தில் வெட்டியிருந்த குழியைக் காட்டினார்.

"கடல் தண்ணிதானே?" என்று அவர் கேட்டார்.

"கடல் தண்ணிதான் சார். வாய்க்கால்ல வந்து நிக்குது."

மேஸ்திரி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வந்து பல நாள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அன்று காலை அதில் நான் குழாயை விட்டபோது பன்னிரண்டு டிகிரி காட்டியது.

அவர் உடுப்பையும் உருளையையும் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். எங்கள் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கரையில் குந்திக்கொண்டார்கள். மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல முழுக வேண்டும், அதுதான் சரியான எடை என்று விளக்கினார். ஆனால் அவர் மார்பு வரை வெளியே மிதந்தார். அவருடைய பெல்ட்டில் இருந்த ஈயம் போதவில்லை.

"பூசணிக்கா மாரி மெதக்குறாரு பாருடா," என்றான் ஒருவன். அவரும் சிரித்தார்.

அவரைக் கடலுக்குள் கொண்டுபோக இருந்த கட்டுமரக்காரர் அங்கேயே நின்றார். வலையில் கோக்கும் ஈயக்குண்டுகளைக் கொண்டுவரச் செய்து, நைலான் கயிற்றில் சரமாகக் கோத்து, பெல்ட்டுக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டினார். வலைக்குப் போடும் முடிச்சு, ஈரம் பட்டால் இன்னும் இறுகும். பெல்ட்டைக் கழற்றினாலும் அந்தச் சரம் கழலாது. ஒரு சரம் போதவில்லை. இரண்டாவது கட்டினார்கள். அப்போதும் அவர் முகம் முழுவதும் வெளியே தெரிந்தது. மூன்றாவது சரத்தைக் கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. குழிக்குள் நிற்பது என் கண்ணாடிக் குழாயேதான். அதைத் தூக்குகிற தண்ணீர்தான் இவரையும் தூக்குகிறது. கடலில் இவ்வளவு தூக்காது.

"கம்மியா இருந்தா எறங்க முடியாது, அவ்ளோதான்," என்று அவர் கட்டுமரக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அதிகமாயிட்டா ஏற முடியாது."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவருக்கும் டிகிரி தெரியும். ஆனால் டிகிரி என்பது எங்களுக்கு உப்பைப் பற்றிய பேச்சு. அதை ஒரு மனிதனின் உடம்போடு சேர்த்து யாரும் நினைத்ததில்லை. சார் படித்தவர், இதையும் சேர்த்துத்தான் பார்த்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலாவது சரத்தில் தண்ணீர் அவர் கண் மட்டத்துக்கு வந்தது. மூச்சை விட்டார், மெல்ல உள்ளே போனார். எல்லோரும் கை தட்டினார்கள். மொத்தம் ஆறு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது.

மறுநாள் காலை, இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றை மேலிருந்து பிடிக்க என்னையே அனுப்பினார் மேஸ்திரி. கட்டுமரக்காரரும் அவர் தம்பியும் துடுப்புப் போட்டார்கள். சாருக்குக் கயிறு கட்டிக்கொள்ள இஷ்டமில்லை. கட்டாமல் இறங்கினால் கட்டுமரத்தைத் திருப்பிவிடுவேன் என்று கட்டுமரக்காரர் சொன்ன பிறகே சம்மதித்தார். "இந்த வெயில்ல அந்த ரப்பரப் போட்டுக்கினு இன்னும் கொஞ்ச நேரம் குந்தினா கருவாடாயிடுவீங்க சார்," என்று சொல்லியபடியே இடுப்பில் முடிச்சுப் போட்டார். வழி முழுவதும் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சார் தலையோடு காதையும் மூடும் ரப்பர் குல்லாயை மாட்டி, முகக் கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தது.

"சார், குழித் தண்ணி வேறங்க. இங்க அவ்ளோ ஈயம் வேணாங்க."

என் குரல் எப்போதுமே சின்னது. அலை மரத்தில் மோதிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கேட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் ஈயத்தை அவிழ்த்திருப்பார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர் சரிந்து இறங்கினார். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. முங்குகிற ஆளின் கயிறு விட்டுவிட்டுத்தான் போகும் என்று கட்டுமரக்காரர் சொல்லியிருந்தார். இது நங்கூரத்தின் கயிறு போல ஒரே ஓட்டமாக ஓடி, சட்டென்று நின்றது. குமிழிகள் மட்டும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கயிறு அசைந்தது. மூன்று முறை இழுத்தால் தூக்க வேண்டும் என்பது பேச்சு. அவர் எண்ணி இழுக்கவில்லை, பிடித்து உலுக்கினார்.

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தபோது கண்ணாடிக்குள் ரத்தம் இருந்தது.

கரையில் மணலில் படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒரு காது கேட்கவில்லை என்றார். யாரையும் குறை சொல்லவில்லை. அடியில் நீரோட்டம் இழுத்துவிட்டது, கயிறும் காலில் சுற்றிக்கொண்டது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு நாள் விட்டு மறுபடி இறங்குவாராம். அதே ஈயம், கயிறு மட்டும் வேண்டாம்.

பிறகு நல்ல காதை என் பக்கம் திருப்பினார். "எறங்கும்போது ஏதோ சொன்னியேப்பா, இன்னா அது?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். "ஜாக்கிரதையா போங்கன்னு சொன்னேங்க," என்றேன்.

"நல்ல புள்ள," என்று அவர் என் கையைத் தொட்டார்.

அந்தக் கை பட்ட இடம் எனக்கு ஆறவே இல்லை. சாயங்காலம் கடல் தண்ணீர் ஒரு வாளியும் குழித் தண்ணீர் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு, அவர் தங்கியிருந்த உப்பள ஆபீஸ் அறைக்குப் போனேன். கடல் வாளியில் குழாயை விட்டேன். பிறகு எடுத்து மற்ற வாளியில் விட்டேன். அது அரை சாண் உயரம் எழும்பி நின்றது. அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். தானே எடுத்து மறுபடி மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார்.

"குழித் தண்ணிய எப்போ பாத்த?"

"நேத்து காலையிலங்க."

 

"நான் குழியில எறங்குறதுக்கு முன்னாடியே?"

"ஆமாங்க."

அவர் கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. மேசைக் கத்தியை எடுத்து, மூலையில் கிடந்த ஈயச் சரங்களை ஒவ்வொன்றாக அறுத்துத் தரையில் வைத்தார். நான் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, உள்ளே வந்த மேஸ்திரியிடம் அவர் பேசுவது கேட்டது.

"கயிறு கட்டிக்கறேன். அத வேற யாராச்சும் புடிக்கட்டும்."

அவர் மறுபடி இறங்கிய அன்று வேலைக்குப் போகாமல் குப்பத்துக் கரையில் நின்றேன். அலைக்கு அப்பால் மரத்தைப் பிடித்துக்கொண்டே அவர் எடை பார்ப்பது தெரிந்தது. பிறகு மரம் தூரம் போய் ஒரு கோடு போல நின்றது. அவர் எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. வெகுநேரம் அது அசையவே இல்லை. அப்புறம் கரையை நோக்கித் திரும்பியது. அவரோடு சேர்த்து நாலு பேர் போயிருந்தார்கள். மூன்று தலையா நாலு தலையா என்று அந்தத் தூரத்தில் எண்ண முடியவில்லை. அலை ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மறைத்தது.

நாலு என்று தெரிந்ததும், அவர் மணலில் கால் வைக்கும் முன் நான் திரும்பி நடந்தேன்.