பாடும் ஜீப்

“இதுதானா அந்தப் பாடும் மீன்?”

போன திங்கட்கிழமை எங்கள் விடுதி வாசலில் ஜீப்பை விட்டு இறங்கிய கொழும்பு ஐயா கேட்ட முதல் கேள்வி இது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாவிக்கரை, மாலை நேரம்... அவர் இறங்குவதற்குச் சற்று முன்னால் ‘கீ...ச்’ என்று நீளமாக ஒரு சத்தம். மனிதர் பரவசமாகிவிட்டார்.

நான் என்ன சொல்வது? அது மீன் இல்லை — எங்கள் ஜீப்பின் பிரேக்.

ஓட்டி வந்தவர் என் அப்பா. செட்டிபாளையத்தில் முப்பது வருடம் தோணி வலித்தவர். தோள்மூட்டு இனி ஏலாது என்று சொன்ன பிறகு சாரதி ஆனார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. லைசன்ஸ் பரீட்சைக் கேள்விகளை நான்தான் வாசித்துக் காட்டிப் பழக்கினேன். இப்போது நான் நிர்வாகம் பார்க்கும் அதே விடுதியில், வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கும் ஒரு கறுப்புச் சொகுசு ஜீப்பை ஓட்டுகிறார். விடுதியும் ஜீப்பும் சுவிஸில் இருக்கும் எங்கள் உறவுக்கார அண்ணனுடையவை.

கொழும்பு ஐயாவின் மகள் சும்மா இருக்கவில்லை. மறுநாள், தகப்பனின் பரவசத்தைக் கெடுக்காமல், அந்தக் கீச்சை வீடியோ எடுத்து, ‘மட்டக்களப்பின் பாடும் ஜீப்’ என்று தலைப்புப் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டாள். சுவிஸ் வரைக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அண்ணனின் வொய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது.

“தங்கச்சி, உன்ட அப்பா பிரேக்கில கால வச்சுக்கொண்டே ஓடுறார் போல. ஜீப்ப நாசமாக்கிப்போட்டார். கராஜில கொண்டுபோய்க் காட்டு. அவர்ட பிழை எண்டு சொன்னாங்களெண்டா அடுத்த கிழமையில இருந்து வேற ஒரு டிரைவரப் பாரு.”

அப்பாவுக்கு நான் அதைப் போட்டுக் காட்டவில்லை. ஆனால் பக்கத்தில்தான் நின்றார். கேட்டுவிட்டார்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் அப்பாவின் கால் மேல்தான் சந்தேகம். தோணியில் பிரேக் கிடையாதே... புதிதாக ஒன்று கிடைத்ததும் மனிதர் அதிலேயே காலை வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“கால் பிழையெண்டா ரெண்டு பக்கமும்தானே கத்தோணும் மனே. இது வலது முன் சில்லு மட்டும்தான் கத்துது.”

“அதெப்படி உங்களுக்குத் தெரியும்?”

“மதிலோரமா மெதுவா ஓட்டிப் பாத்தன். வலப்பக்கம் மதில் வந்தா சத்தம் திருப்பி அடிக்குது. இடப்பக்கம் வந்தா அவ்வளவு இல்ல.”

“அப்பா, நீங்க சும்மா இருங்க. நான் பாத்துக்கொள்றன்.”

நான் படித்த பெருமையை, பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் அடிக்கடி பேசுகிறேன் என்று ஒரு வாசகி குறைபட்டிருந்தார். ஓம், பேசுவேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், பரீட்சை எழுதி, மேசைக்குப் பின்னால் கதிரை போட்டு வேலை பார்ப்பவள் நான். பேசாமல் விடுவேனா? இந்த வாரம் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். ஏன் என்று இனித்தான் சொல்லப்போகிறேன்.

புதன்கிழமை காலை ஜீப்பை காத்தான்குடியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். கராஜ்கார நானா — முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம் — கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் வாய் திறக்குமுன் நான் தொடங்கிவிட்டேன். முதல் நாள் இரண்டு மணிநேரம் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டல்லவா வந்திருக்கிறேன்?

“நானா, ரோட்டர் பழுதா இருக்கும் எண்டு நினைக்கிறன்.”

“ரோட்டரா? நீங்க என்ன புள்ள, ஹெலிகொப்டரையா கொண்டு வந்திரிக்கீங்க?”

கராஜே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். சில்லோடு சேர்ந்து சுழலும் அந்த இரும்புத் தட்டுக்கு இங்கே பெயர் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கட்டைகள் பேட். மிதித்தால் பேட் டிஸ்க்கைக் கவ்வும், வண்டி நிற்கும். விஷயம் அவ்வளவுதான்.

நானா வலது முன் சில்லைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். ‘ம்’ என்றார். பிறகு இடது சில்லையும் கழற்றினார். திரும்பி வந்து, வலது பக்கத்து இரண்டு பேட்களையும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். ஒன்று விரல் தடிப்பில் நன்றாக இருந்தது. மற்றது தேய்ந்து தேய்ந்து இரும்பு வரைக்கும் போயிருந்தது. டிஸ்க்கின் உள்பக்கம் உழுத வயல் மாதிரி வரிவரியாகக் கிடந்தது.

“அண்ணன்ட கால்ல ஒரு பிழையும் இல்ல புள்ள. பிரேக்கில கால வச்சிக்கிட்டே ஓடினா எல்லாப் பேட்டும் ஒண்டுபோலத் தேயும். இதில ஒண்டு மட்டும்தான் தேஞ்சிரிக்கி. ஏன் சொல்லுங்க? இந்தா, பேட் நகர்றதுக்கு இரிக்கிற இந்தச் சின்னக் கம்பி, பின், இறுகிப்போச்சி. கால எடுத்தாலும் இது விலகாது. ஓயாம உரசிக்கிட்டே இரிக்கும்.”

எனக்கு நெஞ்சு லேசானது. அப்பாவின் வேலை தப்பியது!

“ஏன் நானா இறுகினது?”

“உப்புக்காத்து பாதி. மிச்சப் பாதி, போன முற பேட் மாத்தின ஆள் பின்னுக்குக் கிரீஸ் போடல்ல. ஒரு பொட்டும் போடல்ல. யாரு பூட்டின?”

லேசான நெஞ்சு அப்படியே கனத்துவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன் பேட் மாற்றியது விடுதி முற்றத்தில். பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டோம். பூட்டும் நேரத்தில் அப்பா உள்ளே போய், தோணி எஞ்சினுக்குப் போடும் கிரீஸ் டின்னைக் கொண்டுவந்து நீட்டினார். “அசையிற இடத்துக்குக் கொஞ்சம் வைப்பம்” என்றார். நான் கையில் போனோடு நின்றேன். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தார் — பிரேக்கில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. நான் டின்னைத் தடுத்தேன். பூட்ட வந்தவர் தோளைக் குலுக்கினார். “மிஸ் சொன்னா சரி.” அப்பா டின்னை மூடிக்கொண்டு போனார்.

வெள்ளைக்காரர் சொன்னது பேட்டுக்கும் டிஸ்க்குக்கும். பின்னைப் பற்றி அவர் பிறகு சொல்லியிருப்பார். நான்தான் பாதியில் நிறுத்திவிட்டேனே.

நானா கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“நினைவில்ல தம்பி” என்றார் அப்பா. “ஆரோ வந்து பூட்டினாங்க.”

நினைவில்லையாம்! வாவியில் எந்த இடத்தில் எந்த மாரிக்கு வலை கிழிந்தது என்று இன்றைக்கும் சொல்லக்கூடிய மனிதருக்கு, எட்டு மாதத்துக்கு முந்திய கிரீஸ் டின் நினைவில்லையாம். அவருடைய வேலை போகக் கிடந்த நேரத்திலும் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

நானா என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கிக்கொண்டார். “சரி, முதலாளிக்கு உப்புக்காத்து எண்டு சொல்லுங்க. பொய்யும் இல்லதானே. ஒருத்தருக்கும் கொற இல்ல.”

எவ்வளவு வசதி! பாதி உண்மை... முழுப் பாதுகாப்பு. நானும் “ஓம் நானா” என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

முன் சில்லு இரண்டுக்கும் டிஸ்க், பேட், புதுப் பின்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து சேர்ந்தன. விலையை மட்டும் கேட்காதீர்கள். நானா புது டிஸ்க்குகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துத்தான் பூட்டினார். பின்னுக்குப் பூச வேறொரு கிரீஸ் எடுத்தபோது அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணன், உங்கட தோணிக் கிரீஸும் இதுக்குச் சரிவராது. பின்னுக்கு மேல இரிக்கிற றப்பர் ஊதிப்போகும்.”

“அப்ப நானும் பிழைதான்” என்றார் அப்பா. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! அந்த நான்கெழுத்துச் சொல்லைச் சொல்ல முடியாமல்தான் நான் இரண்டு நாளாகத் திரிகிறேன்.

ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று போனை எடுத்தேன்.

“அண்ணன், ஜீப் சரி. அப்பாட கால்ல பிழை இல்ல. என்ட வாயிலதான் பிழை. போன முறை அவர் கிரீஸ் போடச் சொன்னவர், நான்தான் பாதி வீடியோவப் பாத்திட்டு வேணாமெண்டனான்.”

நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளங்கள் விழுந்தன. பதில் இல்லை. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... நானா சில்லைப் பூட்டி முடித்தே விட்டார். பிறகு வந்தது.

“சரி. அப்பாவையே ஓடச் சொல்லு. நீ வீடியோ பாத்தா முழுசாப் பாரு.”

அப்பாவுக்கு இந்த முறை நானே போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டார். பிறகு சேர்ட் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு சாரதி ஆசனத்தில் ஏறினார். புது பேட்டை முதல் சில நாள் பதமாகப் பழக்க வேண்டுமாம். கல்முனை வீதியில் கொஞ்சம் ஓடி, மெல்ல மிதித்து, திரும்பக் கொஞ்சம் ஓடி... பக்கத்தில் இருந்த நான் வாயே திறக்கவில்லை. தெரியாததால் இல்லை — தெரிந்தவர் ஓட்டுகிறார் என்பதால்.

பிழைவிடாதவளாக இருப்பதில் இருக்கிற பெருமை எனக்குத் தெரியும். பிழையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருவதிலும் ஒரு பெருமை இருக்கிறது. அது இந்த வாரம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் புள்ளி போடவில்லை.

சனிக்கிழமை கொழும்பு ஐயா குடும்பத்தை அமிர்தகழிக் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு அப்பா திரும்பி வந்தார். ஜீப் வாசலில் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை. ஐயா இறங்கி, வாவிப் பக்கம் காதைக் கொடுத்து, ஏமாற்றத்தோடு கேட்டார்.

“என்ன டிரைவர், இண்டைக்கு மீன் பாடவில்லையே?”

அப்பா கதவைச் சாத்தினார்.

“அதுக்கும் பேட் மாத்தியாச்சு சேர்.”