அரைக் கட்டை தூரம்

வண்டிப்பெரியாருக்கு மேலே நான் காவலுக்கு இருக்கும் விடுதியில் போன வாரம் ஒரு பெண் வந்து தங்கியிருந்தாள். காலை ஏழு மணிக்கு அவள் அறையிலிருந்து ப்ர்ர்ர் என்று ஒரு சத்தம், மழையில் நனைந்த ஜீப் ஸ்டார்ட் ஆக மறுக்கிற மாதிரி. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். சிரித்தாள். உதட்டைத் துடிக்கவிட்டுச் சுருதியை மெல்ல ஏற்றினால் குரலின் எல்லை கூடுமாம். போனிலேயே சொல்லித்தருகிறார்களாம். எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று போனே காட்டிவிடுமாம். நீங்கள் பாடுவீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன். பச்சைப் பொய்.

டீ டப்பாவைத் திறந்தால் காய்ந்த தூளின் வாசம் வரும். எனக்குப் பழக்கமான வாசம் வேறு, கொழுந்து வாடும்போது வருவது. பச்சை வாசமும் இல்லை, காய்ந்த வாசமும் இல்லை. கொஞ்சம் பழம் மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வயதில் எஸ்டேட் பேக்டரியின் மேல்மாடியில் எனக்கு வேலை. நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, பெரிய பெரிய ஃபேன்களை ஓடவிட்டு வாட்டுவோம். அப்பா ஓய்வு பெற்றதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவருடைய வேலையும், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீடும் எனக்கு மிஞ்சின. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடு. ஐந்தில் குடும்பம், ஆறாவதில் நான். நாலு மணிக்கே பனி இறங்கிவிடும். ஐந்து கதவுக்குள்ளிருந்தும் பேச்சுச் சத்தம் வரும். என் வீட்டில் உலை கொதிக்கிற சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். காலையில் தண்ணீர்க் குழாயடியில் யாரிடமாவது ரெண்டு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஜீப் போகும். மணி அண்ணன் வாரம் முழுக்கக் கொழுந்து மூட்டை ஏற்றுகிற டிரைவர். ஞாயிறு வந்தால் அதே ஜீப்பில் கீபோர்டை ஏற்றிக்கொண்டு பீர்மேடு, கம்பம்மெட்டு என்று கோயில் திருவிழாக்களில் கச்சேரி நடத்துவார். அவர் குழுவில் பாடுகிறவள் செல்வி. எங்கள் எஸ்டேட்டிலேயே கொழுந்து கிள்ளுகிறவள். இந்தச் சரிவில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் கேட்கிற குரல் அவளுக்கு. ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து, மடியில் தபலாவையும் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு சிரித்தபடி போவார்கள். பாட்டின் மேல் இருந்ததைவிட எனக்கு அந்த ஜீப்பின் மேல்தான் ஆசை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. அதில் எனக்கும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

வாயைத் திறந்து கேட்டேன். மணி அண்ணன் ஒரு பாட்டைப் பாடச் சொன்னார். குரல் கனமாக நன்றாயிருக்கிறது, ஆனால் ஒன்றரைக் கட்டைக்கு மேல் போகவில்லை என்றார். கட்டை என்பது சுருதியின் அளவு. கட்டை கூடக் கூடக் குரலும் மேலே ஏறியாக வேண்டும். செல்வியோடு சேர்ந்து பாட ரெண்டரையாவது வேண்டுமாம்.

"பங்குனித் திருவிழாவுல ஒனக்கு ஒரு பாட்டு தாறேன். ரெண்டரைல நின்னு பாடிட்டேன்னா வண்டியில ஒனக்கு எடம் உண்டு."

ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்களே, அந்தக் கதைதான். இஞ்சி, மிளகு, கருப்பட்டி என்று தின்னாததில்லை. மோரை விட்டேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று சாதகம் செய்தால் குரல் ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி, தை மாதக் குளிரில் எஸ்டேட் தடுப்பணையில் இறங்கினேன். ஏறியது காய்ச்சல். நாலு நாள் பேச்சே வரவில்லை. பேச ஆளில்லாதவனுக்கு அதனால் என்ன நட்டம் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

சுருதிப்பெட்டி என்னிடம் கிடையாது. மூட்டை இறக்க வந்த மணி அண்ணன் ஒருநாள் மாடிப்படியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இந்த ஃபேன்களின் ரீங்காரம் சரியாக ரெண்டரையில் நிற்கிறது என்றார். அன்றிலிருந்து ஃபேன்தான் எனக்குத் தம்புரா. கொழுந்தைப் புரட்டிக்கொண்டே அதோடு பாடுவேன். தை முழுக்க எட்டவில்லை. உச்சிக்குப் போகும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்ளும். மாசியில் ஒருநாள் எட்டிவிட்டது. சிரமமே இல்லை. மறுநாளும் எட்டியது, அதற்கு மறுநாளும். கொழுந்துக்கு நடுவே தனியாக நின்று அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு ஒத்திகை. கீபோர்டோடு பாடியபோது உச்சியில் குரல் தள்ளாடியது. புது இடம், பதற்றம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செல்வி கவனித்துவிட்டாள்.

"அண்ணே, அரைக் கட்டை எறக்கிக்கிடுவோம். நான் சமாளிச்சிக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. பேக்டரியில் தினமும் எட்டுகிறேன், ஒன்றும் இறக்க வேண்டாம் என்றேன். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

திருவிழா மேடையில் சாயங்காலம் ஆறு மணிக்கே பாட்டு ஆரம்பித்துவிட்டது. பல்லவி நன்றாகப் போனது. சரணத்தின் உச்சியில் என் குரல் உடைந்தது. உடைந்தது என்றால் சும்மா இல்லை, சேவல் கூவின மாதிரி ஒரு சத்தம். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். செல்வி ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் என் வரியைத் தன் வாயில் எடுத்துக்கொண்டு பாடி முடித்தாள். கைதட்டல் எழுந்தபோது நான் மேடைக்குப் பின்னால் இறங்கி நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் ஜெனரேட்டர் பார்க்கிற மாடசாமி என்ன நடந்தது என்று விசாரித்தார். ஃபேனோடு பாடிப் பழகியதையும் சேர்த்துச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏலே, மாசி பொறந்ததுல இருந்தே கரண்டு இல்ல. ஜெனரேட்டர்லதான ஓட்டுதோம்? கெழட்டு ஜெனரேட்டர், ஃபேன் மெல்லத்தான் சுத்தும், சத்தமும் எறங்கித்தான் வரும். அது கூடப் பாடிட்டு மேல ஏறிட்டேன்னு நெனச்சியாக்கும்."

பாடிப் பாடி அரைக் கட்டை ஏறியது உண்மை. மீதி அரைக் கட்டைக்கு ஃபேன் இறங்கி வந்திருக்கிறது. அதாவது, செல்வி இறக்கச் சொன்ன அதே அளவு.

அடுத்த ஞாயிறு நாலு மணி இருக்கும். லயத்துக்குக் கீழே ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் ஹாரன். பிறகு படியேறி வரும் காலடிச் சத்தம், கதவுக்கு வெளியே செல்வியின் குரல்.

"அண்ணே, கீழ்ச் சுருதியில பாடுத பாட்டா ரெண்டு வச்சிருக்கோம், ஒங்களுக்குன்னு. வாங்க." கதவைத் தட்டினாள். "உள்ளதான் இருக்கீக. செருப்பு வெளிய கெடக்கு."

மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். எப்படியும் அடுத்த ஞாயிறும் வருவார்கள், அப்போது போய்க்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. வரவில்லை. அதன்பின் மணி அண்ணன் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். நானாகப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சில வருஷத்தில் பேக்டரியை மூடிவிட்டார்கள். ஃபேன்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மாடியின் தகரமெல்லாம் காற்றில் போய்விட்டது. லயத்தில் ஆறு கதவில் நாலு கதவு இல்லை. மாடசாமி சொந்த ஊருக்கே போய்விட்டார். மணி அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டுப் போனார், காலமாகிவிட்டார் என்றும் கேள்வி. செல்வி கல்யாணமாகித் திருப்பூர்ப் பக்கம் எங்கோ இருக்கிறாள் என்கிறார்கள். எனக்கென்று அவர்கள் எடுத்து வைத்திருந்த அந்த ரெண்டு பாட்டும் என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இங்கே யாரும் இல்லை.