கொண்டைக்கடலையால் பிரிந்த அடுப்பு

மந்தைவெளி வீட்டுக்கு ஷீலா மருமகளாக வந்து வருஷங்கள் ஆகியும் சமையலறை ஜானகியின் கையில்தான் இருந்தது. ஜானகி மூத்த ஓர்ப்படி. ஷீலா ஓவன் வாங்கி, பஃப் மாவின் மேல் காளான் மசாலா வைத்துச் சுடும் டார்ட் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து ஜானகிக்கு ஆகவில்லை. வெண்ணெய் வாடை குமட்டுகிறது என்பாள். போகிற போக்கில் ஓவன் கதவைத் திறந்துவிட்டுப் போவாள்.

பஃப் மாவில் ஒரு சங்கடம் உண்டு. பச்சை மாவிலேயே மசாலாவை வைத்தால் அடி வேகாமல் கொழகொழத்துவிடும். அதனால் வெறும் மாவை முதலில் ஒரு தடவை சுட்டெடுக்க வேண்டும். அது உப்பி எழாமலிருக்க, மேலே பட்டர் பேப்பர் போட்டுப் பாரம் வைக்க வேண்டும். அதற்கென்றே ஷீலா ஒரு டப்பா கொண்டைக்கடலையைத் தனியாக வைத்திருந்தாள். ஓவனில் திரும்பத் திரும்பக் காய்ந்து கருத்த கடலை, சமைக்க உதவாது.

அடையாறில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு டார்ட் கொடுக்க வேண்டிய அன்று காலை டப்பா காலியாக இருந்தது. கடலை முழுவதும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேதானே செஞ்சீங்கக்கா?"

"கொண்டக்கடலைய ஊற வெக்காம வேற இன்னா பண்ணுவாங்க?" என்றாள் ஜானகி, திரும்பாமலே.

ஜானகி யாரையும் தொடவிடாத சீரகச் சம்பா அரிசியை ஷீலா தூக்கிலிருந்து அள்ளி, பட்டர் பேப்பர் மேல் நிரப்பி ஓவனில் தள்ளினாள். மாவு தட்டையாக, மொறுமொறுவென்று வந்தது. அரிசி வறுபட்டுப் பழுப்பேறிவிட்டது. ஜானகி அதைக் குப்பையில் கொட்டினாள். இனி இவளோடு ஒரே அடுப்பில் சமைக்க மாட்டேன் என்று புருஷன் கருணாகரனிடம் சொன்னாள். அவர் தன் தம்பி, ஷீலாவின் கணவன் கிரீஷைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த வாரமே ஷீலாவின் ஓவன் மொட்டைமாடி அறைக்கு ஏறியது.

அதன்பின் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி செருப்பைப் பார்ப்பாள்.

ஜானகியின் மகள் அனுப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சித்தி கையால் டார்ட் வேண்டும் என்று அவள் மாடிக்கே வந்து கேட்டதால் ஷீலா செய்துகொடுத்தாள். சம்பந்தியம்மாள் ஒன்றைக் கடித்துவிட்டு, யார் செய்தது என்று விசாரித்தார்.

"கடையில வாங்கினதுங்க" என்றாள் ஜானகி.

பக்கத்திலேயே நின்ற ஷீலா, மிச்சம் இருந்த தட்டை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.