லமுனு தம்பியின் மானத்தை விற்ற நாள்

குலு சந்தையில் எள் அரைத்து விற்கும் லமுனுவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. பேரம் பேச வந்தவர்கள் கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு நழுவுவார்கள். அந்த வாய் ஓயாமல் பாடும் பெருமை ஒன்றுதான்: தம்பி ஒச்சித்தி கோபமே தெரியாத பிள்ளை. அப்பேர்ப்பட்ட தம்பிதான் பக்கத்து நிலத்துக்காரன் லபேஜாவை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான்.

உள்நாட்டுச் சண்டை முடிந்து, அகதி முகாம்களிலிருந்து சனங்கள் ஊர் திரும்பிய நாள் முதல், எது யார் நிலம் என்பதற்குக் கல்லறைகள்தான் சாட்சி; பத்திரம் கிடையாது, யார் வீட்டு ஆளைப் புதைத்திருக்கிறதோ அவர்கள் நிலம். லபேஜா அந்தச் சாட்சிக்கே உலை வைத்தான். லமுனுவின் அம்மாவைப் புதைத்த மேட்டைக் கொத்திச் சமமாக்கி, மேலே நிலக்கடலை விதைத்துக்கொண்டிருந்தான், பாவி. அதைப் பார்த்த ஒச்சித்தி அவன் கையிலிருந்த மண்வெட்டியையே பிடுங்கினான்.

வக்கீல் செபுன்யா லமுனுவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கொன்றதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காட்சியைக் கண்ட கணத்தில் தன்னை மறந்து அடித்தான் என்று நீதிபதி நம்பினால் குற்றம் ஒரு படி இறங்கும். தூக்கு போய்ச் சில வருடச் சிறையோடு முடியும். அன்று கூட இருந்த லமுனுதான் அதைச் சொல்ல வேண்டும். அவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் எல்லாம் பறந்துவிட்டது. எதிர் பெஞ்சு முழுக்க லபேஜாவின் ஆட்கள். அரசு வக்கீல் மரியாதையாக, தம்பி எப்படிப்பட்டவர் என்று கேட்டார். அவர்கள் காதுபடத் தம்பியை முன்கோபி என்பாளா அவள்?

"என் தம்பிக்குக் கோபமே வராதுங்கய்யா. அன்னிக்குக்கூட நிதானமாத்தான் இருந்தான்."

அரசு வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செபுன்யா தலையில் கை வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் லமுனுவுக்கு உறைத்தது. நிதானமாக அடித்தால் அது முழுக் கொலை! தன் வாயாலேயே தம்பி கழுத்தில் கயிறு மாட்டியிருக்கிறாள்.

செபுன்யா மறுபடி எழுந்து, நிஜமாகவே நிதானமாக இருந்தானா என்று கேட்டார். லமுனு தம்பியைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் அவன் தலையசைத்தான்.

"பொய் சொல்லிட்டேங்கய்யா. அவன் அவனாவே இல்ல. அடிச்சதே அவனுக்குத் தெரியல. லபேஜா தலையை மடியில வெச்சுக்கிட்டு, எந்திரி எந்திரின்னு உலுக்கினான். குழந்தையாட்டம் கதறினான். கால்சட்டையிலயே ஒண்ணுக்குப் போயிட்டான். நான்தான் அறைஞ்சு இழுத்துட்டுப் போய்க் குளிப்பாட்டினேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒச்சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

தீர்ப்பு வந்த அன்று, கொலைக்குற்றம் நிற்கவில்லை, குறைந்த குற்றம்தான் என்று நீதிபதி படித்து முடிக்குமுன்பே லமுனு குலவையிட்டாள். காவலர் அதட்ட, இன்னும் பலமாக இட்டாள். வாசலில் சந்தைப் பெண்கள் ஆடவே தொடங்கிவிட்டார்கள். அவளும் ஆடிக்கொண்டே சிறை வண்டியை நோக்கி ஓடினாள். ஒச்சித்தி அவளைப் பார்க்கவே இல்லை.

"ஊர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டியேக்கா. இனி எப்படி நான் சந்தைக்குள்ள நடப்பேன்?"

லமுனு வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நடக்கணும்டா. அதுக்குத்தானே சொன்னேன்."