இருபத்தெட்டு போர் ஹெட்டி

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஹெட்டி பெடோஸை இங்கிலாந்தின் அந்த ஷ்ரோப்ஷயர் பள்ளத்தாக்கில் தெரியாதவர் கிடையாது. வாய்ச்சண்டையில் அவளை ஜெயித்தவரும் கிடையாது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டையில் அவளும் ஒருத்தி. சுடுபவர்கள் வரிசையாக நிற்க, மற்றவர்கள் கொடியை ஆட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடுவார்கள்.

போன வசந்தத்தில் தன் பண்ணையில் ஒரு பசு முட்டித் தள்ளியதில் அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கி உதைக்கிற உதையை அந்தத் தோள் அதற்குப் பிறகு தாங்கவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்காரவில்லை. இருபத்தெட்டு போர் ஒன்றை வாங்கிவிட்டாள். 'போர்' என்பது குழலின் அளவு; நம்பர் ஏற ஏறக் குழல் சிறுக்கும், தோட்டாவில் ஈய ரவையும் குறையும். ஆண்களுக்குக் குழல் வாய் அகலமாக இருந்தால்தான் நம்பிக்கை வரும் போலிருக்கிறது.

"அத வச்சு ஃபெசன்ட் சுடப் போறியா, பல்லு குத்தப் போறியா?" என்றான் பக்கத்துப் பண்ணை ரெக் மாடாக்ஸ்.

"உன் வாய அடைக்க இது போதும்டா."

வேட்டைக்குத் தலைவரான ஐவர் கிட்டின்ஸ் சிரிக்கவில்லை. "இங்க பாரு ஹெட்டி, அடிபட்ட பறவை காட்டுல கிடந்து சாகிறது எனக்கு ஆகாது. உன்னால ஒண்ணு அப்படி அடிபட்டாலும் நீ வரிசைய விட்டு விலகிடணும். கொடிய ஆட்டிப் பறவை கலைக்கப் போயிடு."

"முப்பது கெஜத்துக்குள்ள வந்தா சுடுவேன், கல்லு மாதிரி விழும். அதுக்கு மேல போனா தொடமாட்டேன். சரிதானே?"

கிறிஸ்துமஸ் வரைக்கும் சொன்ன சொல் தவறவில்லை. ஜனவரியில் ஒரு நாள், யார் எங்கே நிற்பது என்று சீட்டுக் குலுக்கியபோது ஓடைக்கரை அவளுக்கு வந்தது. மலையிலிருந்து கிளம்பும் பறவைகள் அந்த இடத்தில் மிக உயரத்தில் பறக்கும். ஹெட்டி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஹெட்டி, வழியனுப்பி வைக்கிறியா? கைக்குட்டை தரட்டுமா?" என்று அடுத்த இடத்திலிருந்து ரெக் கத்தினான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்து வந்த சேவல் நாற்பது கெஜத்துக்கு மேலே இருந்தது. அது தெரிந்தேதான் சுட்டாள். ஒரு கால் தொங்க, அது ஓடையைத் தாண்டிப் புதருக்குள் இறங்கியது.

யாரும் பார்க்கவில்லை. ரெக் தோட்டா மாற்றிக்கொண்டிருந்தான். பேசாமல் இருந்தால் இடம் பத்திரம். ஹெட்டி தன்னையே திட்டிக்கொண்டு தோட்டாக்களை உருவிப் பையில் போட்டாள். சுற்று முடிந்து கொம்பு ஊதியதும், தன் நாய் நெட்டிலைக் கூட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்த சேவலின் கழுத்தை உடனே திருகி, அதன் வேதனையை முடித்தாள்.

"இது நான் அடிச்சது," என்று ஐவரிடம் நீட்டினாள். "காலு ஒடிஞ்சு அக்கரையில கிடந்துச்சு. துப்பாக்கி மேல தப்பில்ல, தூரம் ஜாஸ்தி. ரெக் சீண்டினான், எனக்குப் புத்தி கெட்டுச்சு. கொடிய குடு." அந்த வரிசையில் நிற்பது அவளுக்கு உயிர்.

ஐவர் பறவையையும் அவளுடைய நனைந்த பூட்ஸையும் பார்த்தார். "இன்னும் ஒரு சுற்று இருக்கு. போய் நில்லு. நான் உன் பக்கத்துல நிக்கிறேன். முடிஞ்சப்புறம் சொல்றேன்."

கடைசிச் சுற்றில் தாழப் பறந்து வந்த பெட்டை ஒன்று, அவள் சுட்ட ஒரே தோட்டாவில் செத்து விழுந்தது. அதன் பின்னால் ஒரு சேவல், உயரத்தில் வந்தது.

"சுடு, சுடு!" என்றான் ரெக்.

அவள் துப்பாக்கியைத் தூக்கவில்லை. சேவல் ஐவர் பக்கம் திரும்பியது. அவர் தன் பன்னிரண்டு போரைத் தோளில் வைத்துக் கொஞ்ச தூரம் அதைத் தொடர்ந்தார். பிறகு இறக்கிவிட்டார். சேவல் மலையைத் தாண்டிப் போய்விட்டது.

கொம்பு ஊதியும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "எனக்கும் எட்டாது," என்றார். "அந்த உயரத்துல போனத எல்லாம் முப்பது வருஷமா சுட்டிருக்கேன் ஹெட்டி. விழாததெல்லாம் தப்பிச்சுருச்சுன்னு நெனச்சேன். எத்தன காட்டுல கிடந்து செத்துச்சோ."

ஹெட்டி துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை உருவினாள்.

"கொடி வேணாம். அடுத்த சனிக்கிழமை இந்தத் துப்பாக்கியோடயே வா," என்றார்.