பத்மாவதி நகரின் முதல் உறுப்பினர்

தோத்தாத்ரி சாரைத் தலைவர் என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "நான் இந்த நகரோட முதல் உறுப்பினர், அவ்வளவுதான்" என்பார். ரோமாபுரியில் அகஸ்டஸும் அப்படித்தானாம். ராஜா பட்டமே வேண்டாம், நான் வெறும் முதல் குடிமகன் என்று சொல்லிக்கொண்டே படை, பணம், பதவி எல்லாவற்றையும் மடியில் முடிந்துகொண்டானாம். இதை எங்களுக்குச் சொன்னதும் சார்தான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தினார். கதையைச் சொல்லி முடித்து, நகர் சங்கத்தின் சாவிக்கொத்தைத் தன் ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

நான் அவருக்கு எதிர்வீடு, சாவித்ரி. டெலிபோன் ஆபீஸ் உத்தியோகம். சாரைப் பற்றி நல்லதாக எழுத எனக்குக் கை வராது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். எண்பத்திரண்டில் கீழ்க்கட்டளையில் பத்மாவதி நகர் போட்டபோது அங்கே முள்ளும் பாம்பும்தான் குடியிருந்தன. பஞ்சாயத்து ஆபீஸில் போய் உட்கார்ந்து சண்டை போட்டு, பொதுக் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, தொட்டி கட்டி, வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தது அவர்தான். முதல் நாள் தண்ணீர் வந்தபோது நான் டம்ளர்களைக்கூட விடாமல் நிரப்பி வைத்தேன். "ரோம்காரன் போன இடத்துக்கெல்லாம் தண்ணி கொண்டுபோனான்" என்றார் சார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

சங்கத் தேர்தல் வருஷா வருஷம் நடந்தது. எதிர்த்து நின்றால் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் நிற்கவுமில்லை.

கூட்டம் முடிந்து காபி வரும்வரை சார் ரோமைப் பற்றிப் பேசுவார். அவர் மிகவும் ரசித்துச் சொல்வது கடைசிச் சக்கரவர்த்தியின் கதை. "சின்னப் பையன். அவனைச் சிம்மாசனத்துலேர்ந்து தள்ளினது யாரு? அவங்ககிட்ட கூலிக்கு இருந்த படைத்தலைவன். கொன்னானா? கொல்லக்கூட இல்லை. ஒரு பங்களாவைக் குடுத்து, வருஷத்துக்கு இவ்வளவுன்னு பணமும் குடுத்து உட்கார வெச்சுட்டான். பயப்படறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே கொல்லணும்?" சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, காவல் காப்பது எல்லாம் பக்தவச்சலம். நகரின் பின்சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடிசைக்காரன். கிணறு வெட்டிய இடம் ஒரு காலத்தில் அவன் அப்பன் குத்தகைக்கு உழுத நிலம். எண்பத்தேழில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அவன் வாசலோரம் வந்து நின்றான்.

"சார், எங்கம்மா கங்கம்மாக்கு முட்டி வீங்கிப் போச்சு. ஏரிக்கரை வரைக்கும் போயி தண்ணி தூக்கினு வருது. செவுத்துக்கு அந்தாண்ட ஒரே ஒரு கொயா போட்டுக் குடுங்க சார். சந்தா நானும் கட்டிடறேன். என்னையும் மெம்பரா சேத்துக்கோங்க."

"இன்னிக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பான்" என்றார் பொருளாளர் சுந்தரராமன்.

சார் யோசிக்கக்கூட இல்லை. "மெம்பர்னா அதுக்கு ஒரு ரூல் இருக்குப்பா. நகருக்குள்ள மனை இருக்கணும்."

பக்தவச்சலம் தலையாட்டிவிட்டு, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போனான். கூட்டம் கலைந்ததும் கேட்டருகில் சாரைப் பிடித்துக்கொண்டேன். "தோத்தவனையும் குடிமகன் ஆக்கினதாலதான் ரோம் வளர்ந்ததுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது ஹிஸ்டரி, சாவித்ரி. இது நகர்" என்றார்.

படிப்பு ஏட்டுச் சுரைக்காய் என்பார்கள். இவருக்குச் சுரைக்காய் கறிக்கு உதவாததோடு நிற்கவில்லை, தொண்டையிலும் சிக்கியது.

அந்த மாதமே பக்தவச்சலம் வேலையை விட்டான். பல்லாவரத்தில் யாருடைய தண்ணீர் லாரியையோ ஓட்டினான். பிறகு பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். தொண்ணூற்று மூன்றில் மழை பொய்த்து எங்கள் கிணறு சேற்றைக் கக்கியபோது, நகருக்குள் முதலில் நுழைந்தது அவன் லாரி. 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு 'அண்ணா' என்றார்கள். நானும் இனி 'அவர்' என்றே எழுதுகிறேன். ஊரோடு ஒத்து வாழ வேண்டுமே.

இரண்டே வருஷத்தில் அவர் நகருக்குள் மனை வாங்கி மாடி கட்டினார். ரூல்படி மெம்பர். வாங்கிய கையோடு சுவரை இடித்துப் பழைய ஜனங்களுக்குக் குழாய் போட்டார் என்று நினைக்க வேண்டாம். சுவரை இன்னும் இரண்டடி உயர்த்தினார்.

அந்த வருஷத் தேர்தலுக்கு சார் தயாராக வந்தார். வெள்ளை ஜிப்பா, மடித்து வைத்த குறிப்புகள். தன்னை எதிர்ப்பார்கள், பழி சொல்வார்கள், பதிலுக்குக் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தார். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பக்தவச்சலம் பெயரை முன்மொழிந்ததே சுந்தரராமன்தான். எல்லோரும் கை தூக்கினோம். சாருக்குக் 'கௌரவப் புரவலர்' என்று ஒரு பதவியும் கைத்தட்டலும் கொடுத்தோம். சாவிக்கொத்தை அவரே எடுத்து மேஜைமேல் வைத்தார். குறிப்புகள் பையிலேயே இருந்தன.

மறுநாள் காலை லாரி சார் வீட்டு வாசலில் நின்றது. சார் பணத்தை நீட்டினார். பின்னால் ஸ்கூட்டரில் வந்த பக்தவச்சலம் டிரைவரைத் தடுத்தார்.

"சார் வூட்ல துட்டு வாங்காத. எப்பவுமே வாங்காத."

"எனக்கு ஓசி வேண்டாம். எல்லாரையும் போல வாங்கிக்கோ" என்றார் சார்.

"இருக்கட்டும் சார். பெரியவரு நீங்க. ஜாலியா குந்திகினு ரெஸ்ட் எடுங்க." அவர் குரலில் ஏளனம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் சார் பிழைத்திருப்பார்.

"வாங்கிக்கோப்பா" என்று சார் இன்னொரு முறை சொன்னார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். ஸ்கூட்டர் போய்விட்டது. நோட்டு கையிலேயே நிற்க, என் பக்கம் திரும்பினார். அவருக்கு நடந்தது இன்னதென்று அந்தத் தெருவில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

"கொல்லக்கூட இல்லை, சாவித்ரி" என்றார்.

நான் சிரித்திருக்க வேண்டும், அத்தனை வருஷக் கோபம் எனக்கு. சிரிப்பு வரவில்லை. சார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு மறுபடி திறந்தது. அவர் மனைவி ரமா மாமி இரண்டு குடங்களோடு வெளியே வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், முதல் குடத்தை லாரிக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.